உள்ளே இருப்பவர் சொல்வது

கடைசி ஸ்க்ரூ மட்டும் அசைய மறுத்தது. கதவின் கீழ்க் கீலில், பெயிண்ட் அடித்தவன் என்ன கோபத்தில் இருந்தானோ, அதன் தலை மேலேயே மூன்று பூச்சுப் பூசிவிட்டுப் போயிருந்தான். அவள் தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, உள்ளங்கை சிவக்க ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருகினாள். அது வழுக்கிக்கொண்டு போய் மரத்தில் ஒரு கோடு கிழித்தது. இன்னொரு முறை வைத்துத் திருகினாள். இன்னொரு கோடு விழுந்தது.

மணி ஒன்பதரை. அப்பாவைக் கொண்டுவரும் வண்டி பதினொன்றுக்கு வந்துவிடும்.

பெட்டியின் அகலம் எழுபத்து நாலு சென்டிமீட்டர் என்று வண்டிக்காரர் போனில் சொல்லியிருந்தார். அவள் டேப்பை எடுத்து வாசலை அளந்தாள். கதவைத் திறந்து சுவரோடு ஒட்டி வைத்தால் எழுபத்து இரண்டு. கதவையே எடுத்துவிட்டால் எழுபத்து ஆறு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினான்கு வருடமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பவள் அவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது என்று தெரிந்தவள். அதனால் இரண்டாம் முறை அளக்கவில்லை. சமையலறை இழுப்பறையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார். கூட இருந்தது தம்பி. ஆறரை மணிக்குப் போன் செய்து, "அக்கா, அப்பா போயிட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதுக்கா. அஞ்சாவது மாடி. லிஃப்ட்ல பெட்டி போகாது. மாடிப்படி வளைவுலயும் திரும்பாதுன்னு வாட்ச்மேன் சொல்றாரு. லிஃப்ட்லதான் போகணும்னா நிக்க வெச்சுக் கொண்டுபோகணுமாம்."

"அப்பாவை நிக்க வெப்பியா நீ?"

"அதுக்குத்தானே உன்கிட்ட கேக்கறேன். உன் வீடு தரைத்தளம். அஞ்சாறு மணி நேரந்தான். பாக்க வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும், சாயங்காலம் எடுத்துடலாம்."

கேட்டுவிட்டானே தவிர, அவன் குரலில் தயக்கம் இருந்தது. அப்பா அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். ஏன் வைக்கவில்லை என்பது தெரியாது. அக்காவுக்கும் அப்பாவுக்கும் ஏதோ மனஸ்தாபம், பெரியவர்கள் சமாசாரம் என்று முப்பத்து நான்கு வயதிலும் ஒதுங்கியே இருக்கும் பிள்ளை அவன்.

"கொண்டுவா" என்றாள்.

அழுகை வரவில்லை. முகம் கழுவினாள், செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினாள், கூடத்துச் சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளினாள், வாசலை அளந்தாள். அப்போதும் வரவில்லை. பெற்ற அப்பன் செத்திருக்கிறார், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று தன்னைப் பார்த்துத் தனக்கே பயமாக இருந்தது.

"நகரு, நான் பாக்கறேன்."

தலைக்கு மேலே குரல் கேட்டது. ஸ்பேனர் மாமா நின்றுகொண்டிருந்தார். சொந்த மாமா இல்லை. அப்பாவோடு நாற்பது வருடம் காப்பி மெஷின் பழுதுபார்த்த கூட்டாளி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். இன்றும் இருந்தது. கையில் அப்பாவின் நீலத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

"இது என் வீட்டுலதான் கெடந்துது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் கொண்டுவந்து வெச்சுட்டுப் போனான். உன் தம்பிக்கு நட்டு எது போல்ட்டு எதுன்னு தெரியாது. உன்கிட்ட குடுக்கறதுதான் நியாயம்னு எடுத்துட்டு வந்தேன்."

அவர் பெட்டியைத் திறந்து, தடித்த பிடி போட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தார். ஸ்க்ரூவின் தலையிலிருந்த பெயிண்டை முனையால் சுரண்டி, இரண்டு தட்டுத் தட்டி, அரைச் சுற்றுத் திருப்பினார்.

"பியானோ பியானோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அது அப்பாவின் சொல். அவள் மாமாவின் கையையே பார்த்தாள்.

அப்பாவுக்கு இத்தாலியன் தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊரிலுள்ள பாதிக் காப்பிக் கடைகளில் அவரை இத்தாலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதினைந்து இருபது சொற்கள். இருபத்து நான்கு வயதில், மெஷின் கம்பெனி அனுப்பிய வயதான இத்தாலிய மெக்கானிக் ஒருவரிடம் எட்டு மாதம் தொழில் கற்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. பெரியவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா அவர் கையைப் பார்த்தார். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அப்பா கேட்டதே இல்லை. அதை எப்போது சொல்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வார். நட்டை முறுக்கும்போது பியானோ பியானோ, அதாவது மெல்ல மெல்ல. கடைக்காரர் நன்றி சொன்னால் ஃபிகூராத்தி, இதற்கெல்லாம் எதற்கு என்கிற மாதிரி. ஏன் உடைந்தது என்று தெரியாவிட்டால் தோளைத் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, "போ". இந்த ஒரு சொல்லால் அப்பா வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை. "மெஷின் ஏன் நின்னுதுன்னு கேட்டா, என்னையே போங்கறானே இந்த ஆளு" என்று ஒரு முதலாளி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே பெர்மெஸ்ஸோ.

இத்தாலிய வீடுகளில் விருந்தாளி வாசலில் நின்று, வரலாமா என்கிற மாதிரி, அந்தச் சொல்லைச் சொல்வானாம். கதவு விரியத் திறந்திருந்தாலும் சொல்வானாம். வா வா என்று வீட்டுக்காரரே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாலும் சொல்வானாம். உள்ளே இருப்பவர் "அவாந்தி", அதாவது வாருங்கள், என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பான். பெரியவர் ஒவ்வொரு கடை வாசலிலும் அப்படித்தான் நின்றார். மெஷின் கடைக்காரர் உடைமை, நாம் அந்நியர், அதைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டு நிற்க வேண்டும் என்று அப்பா புரிந்துகொண்டார். பிறகு அது அவரை விட்டுப் போகவில்லை. சொந்த வீட்டு வாசலிலும் தினமும் சாயங்காலம் ஒட்டிக்கொண்டது.

"பெர்மெஸ்ஸோ?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "அவாந்தி அவாந்தி, சீக்கிரம் வாங்க, ஆறிப்போகுது" என்பாள். சண்டை போட்ட நாட்களில் வாயே திறக்க மாட்டாள். அப்பா ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "சொல்லும்மா, பாவம், அவருக்குக் கால் வலிக்கும்" என்று பிள்ளைகள் இருவரும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுப்பார்கள். பத்து நிமிடம் நின்ற நாளும் உண்டு. அம்மா சொல்லாமல் அவர் உள்ளே வந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது.

ஸ்க்ரூ வந்துவிட்டது. மாமா அதைச் சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கதவைத் தூக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். தெரு அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. எதிர் வீட்டுப் பெண்மணி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, நாற்காலி வேண்டுமா, எத்தனை வேண்டும், அப்பாவுக்கு என்ன வயது, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு ஆறு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

அவள் பெட்டியை மூடப் போனபோது, ஸ்பேனர்களுக்கு அடியில் கறுப்பு அட்டை போட்ட கைக்கடக்கமான நோட்டு இருந்தது. எண்ணெய்க் கறை ஊறி ஓரங்கள் கண்ணாடி போலாகியிருந்தன. அப்பாவின் குண்டுக் கையெழுத்து. இளவயதுக் கையெழுத்து.

'ஃபிகூராத்தி - தேங்க்ஸ் சொன்னால்.' 'போ - தெரியாது என்றால். தோளைத் தூக்க வேண்டும்.' 'பசியென்ஸா - உடைந்த பிறகு சொல்வது. உடைவதற்கு முன்னால் சொல்லக் கூடாது.' அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

'பெர்மெஸ்ஸோ - வாசலில். கதவு திறந்திருந்தாலும்.'

அதற்குக் கீழே, 'அவாந்தி - உள்ளே இருப்பவர் சொல்வது. நாம் சொல்லக் கூடாது. பதில் வரும்வரை நிற்க வேண்டும். ரொம்ப நேரம் வரவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும். கோபப்படக் கூடாது.'

அவள் நோட்டை மூடினாள்.

"மாமா, அந்த பாய்லரை அன்னிக்கு அவர் மூடாமலேயே வந்திருக்கலாம் இல்ல?"

எதைக் கேட்கிறாள் என்று மாமாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன், அம்மாவுக்குக் கடைசி நாள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அம்மாவின் வார்டிலிருந்து அவள், ஒரு காப்பிக் கடையில் வேலையாக இருந்த அப்பாவுக்குப் போன் செய்தாள். "பாய்லர் தெறந்து கெடக்கும்மா. மூடிட்டு உடனே வந்துடறேன்" என்றார். மூன்று மணிக்கு அம்மா போய்விட்டாள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் வெளியே வந்தபோது, அப்பா நடைபாதையில் கையில் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தார். "மூடிட்டீங்களா பாய்லரை?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மருந்து, பில், தம்பியின் மாமனார் உடம்பு என்று தேவைக்குத்தான் பேச்சு.

மாமா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"பாய்லரை யார் மூடினா? யாரும் மூடல. நீ போன் பண்ணி வெச்ச அடுத்த நிமிஷம் கையில இருந்ததை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுட்டான். கடைக்காரன் மறுநாள் வரைக்கும் கத்திட்டிருந்தான். நான்தான் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டரைக்கெல்லாம் வந்துட்டோம்."

"ரெண்டரைக்கா?"

"ரெண்டரைக்கு. வார்டு கதவு வரைக்கும் வேகமா வந்தான். அங்க நின்னுட்டான். கதவுல கை வெச்சு, முணுமுணுன்னு சொன்னான். அதான், எப்பவும் சொல்றது."

அவள் நோட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

"உள்ளயிருந்து சத்தம் வரல. நர்ஸம்மா போங்க போங்கன்னாங்க. நான் முதுகுல கையை வெச்சுத் தள்ளினேன். அசையல. 'அவ சொல்லலையே'ன்னான். 'அவ சொல்ற நெலமையிலயாடா இருக்கா'ன்னு கேட்டேன். அரை மணி நேரம் அங்கயே நின்னான்."

அந்த வார்டின் கதவில் பால் கண்ணாடி போட்டிருந்தது. வெளியே நிற்பவரின் முகம் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். அம்மாவின் கையைப் பிடித்தபடி அவள் பலமுறை அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிழல் இருந்தது. ஆஸ்பத்திரி ஆள் யாரோ நிற்கிறார் என்று நினைத்தாள். அப்பா வரவில்லையே, வரவில்லையே என்று பொருமிக்கொண்டு அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா. மூணு வருஷம்!"

"என்னன்னு சொல்லுவான்? பயந்துபோய் வெளிய நின்னுட்டேன்னா? நீயே பாய்லர்னு ஒண்ணு எடுத்துக் குடுத்தே. புடிச்சுக்கிட்டான். வேலைன்னா நீ கோபப்படலாம், திட்டலாம். இதுக்கு நீ என்ன பண்ணுவே?"

உண்மைதான். என்ன செய்வது என்று அவளுக்கு இப்போதும் தெரியவில்லை. மூன்று வருடமாக வைத்திருந்த கோபத்துக்கு இருந்த இடம் போய்விட்டது. ஆனால் கோபம் போகவில்லை. நான் ஒருத்தி உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தேனே, ஒரு அடி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பக்கம் எரிந்தது. அம்மா பதில் சொல்லாத வாசலில் அந்த மனிதர் எப்படிக் கால் வைப்பார் என்று இன்னொரு பக்கம் நெஞ்சை அடைத்தது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒரு தடவை சொல்லிடறேன்னு கெளம்பி வந்தான்," என்றார் மாமா. "நீ இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசுல. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுட்டு வந்தான். சாயங்காலம், என்னாச்சுடான்னு கேட்டேன். தோளைத் தூக்கிட்டு 'போ'ன்னான். அதுக்கு மேல நானும் கேக்கல."

அவள் பெட்டியின் கொக்கியைப் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கதவு திறந்துதான் இருந்தது. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "பெர்மெஸ்ஸோ?" என்று வாசலில் குரல் கேட்டது. வேறு எவராக இருந்தாலும் உள்ளே வந்திருப்பார்கள். இவர் வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்துதான் செய்தாள். அம்மா பத்து நிமிடம் நிற்க வைப்பாள், நான் இன்று பதினைந்து நிமிடம் நிற்க வைக்கிறேன் என்று நினைத்தாள். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள். இரண்டாம் முறை குரல் வந்தது, கொஞ்சம் மெதுவாக. பிறகு வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மிதியடி மேல் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. தெரு முனையில் அவர் முதுகு திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்லிவிடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

"மாமா, நான் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தேன்."

அவர் தரையில் கிடந்த பெயிண்ட் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியும். பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சுன்னு பின்னாடி ஒரு நாள் அவனே சொன்னான்."

தெருவில் ஒரு சைக்கிள் போனது. மாடியில் யாரோ மிக்சி போட்டு, சாவு வீடு நினைவுக்கு வந்தோ என்னவோ, சட்டென்று நிறுத்தினார்கள்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. முதலில் தம்பி இறங்கினான். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தான், யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் சின்னப் பிள்ளை முகம் போலக் கோணிக்கொண்டது. அவள் அவன் தலையில் ஒரு நொடி கை வைத்தாள்.

வண்டியின் பின்கதவு திறந்தது. வண்டிக்காரரும் இன்னும் மூன்று ஆட்களும் பெட்டியை இழுத்துத் தோளுயரத்துக்குத் தூக்கி, பிறகு இடுப்புயரத்துக்கு இறக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். வண்டிக்காரர் முன்னால் இடது பக்கம். பிடரியெல்லாம் வேர்த்திருந்தது. இரண்டு படி ஏறி வாசலுக்கு வந்ததும் நின்றார். நிலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நில்லுங்கப்பா. இடிக்கும் போலருக்கு."

"இடிக்காது," என்றாள் அவள். "ரெண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் இருக்கு."

"அளந்தீங்களாம்மா?"

"அளந்தேன்."

அவர் பெட்டியைக் கொஞ்சம் நேராக்கினார். அதன் முன் விளிம்பு நிலைக்கு நேரே வந்து நின்றது. அவள் உள்ளே, சுவர் ஓரமாக நின்றிருந்தாள். பெட்டியின் மூடியில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அங்கிருந்து பார்க்க அப்பாவின் நெற்றியும், சீவிவிட்ட முடியும் மட்டும் தெரிந்தன. யாரோ வகிட்டைத் தப்பான பக்கம் எடுத்திருந்தார்கள்.

நான்கு பேரும் கனத்தைத் தாங்கியபடி நின்றார்கள். வண்டிக்காரர் மரியாதை தெரிந்த மனிதர். தினமும் பல வீட்டு வாசல்களைப் பார்ப்பவர். உள்ளே அவளைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள வரலாமாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. நான்கு பேரின் கைகளும் நடுங்கத் தொடங்கியிருந்தன. பின்னால் தம்பி, "அக்கா" என்றான்.

"அவாந்தி" என்றாள்.

வண்டிக்காரருக்குப் புரியவில்லை. அசையாமல் அவள் முகத்தையே பார்த்தார். பின்னாலிருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்குக் கீழே நின்றிருந்த ஸ்பேனர் மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"வரச் சொல்றாங்கப்பா. போங்க. பியானோ பியானோ."

வண்டிக்காரர் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பெட்டி எங்கும் இடிக்காமல், இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு, மெல்ல உள்ளே வந்தது. அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றாள். கழற்றிய கதவு கூடத்தில் சாய்ந்து கிடக்க, அவள் வலது கை மட்டும் கதவு இருந்த இடத்தில், அதைத் திறந்து பிடித்திருப்பது போல நீண்டிருந்தது. கடைசி ஆள் உள்ளே வந்த பிறகும் அவள் அதை இறக்கவில்லை.